முன்கட்டு பின்கட்டு – அத்தியாயம் 17: இரண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர்

கணவனின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பர்வினுக்கு மிச்சமிருந்த ஆசை இது ஒன்றுதான்.

பெரிய ஆசை இல்லை. இரண்டு நிமிஷ வீடியோ கால். மற்ற வீடுகளில் இதைப் போய் ஆசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தம்மாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹாஜா மைதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பதின்மூன்று நாள் ஆகிறது. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவர இன்னும் எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் 'அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம்' என்ற காகிதத்தில் போன வாரம் பர்வின் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இன்று புதன்கிழமை. அங்கே மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். ஹாஜாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த முகம்மது யூசுப் நேற்றே சொல்லியிருந்தார்.

"நம்ம ஊரு டைமுக்கு ரெண்டே முக்கால் ஆகும் தங்கச்சி. கபருல இறக்கறதுக்கு முன்னாடி முகத்துத் துணிய விலக்கிக் காட்டுறேன். போனைக் கையிலயே வச்சிருங்க."

போனைக் கையில் வைத்திருக்கலாம். பர்வின் இருக்கும் பின்கட்டில் அது வேலை செய்ய வேண்டுமே.

நாகூரில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். பர்வினின் வாப்பா நெய்னா முகம்மதுக்கு வீடு ஒன்று, பெண்கள் இரண்டு. தெருவிலிருந்து பின்னால் குளத்தங்கரை வரை நீண்டு கிடந்த அந்த வீட்டை அவர் நடுவில் வெட்டினார். முன்கட்டு மூத்தவள் தஹ்மீனாவுக்கு, பின்கட்டு இளையவள் பர்வினுக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. பெரியவளுக்கு எத்தனை ஃபேனோ சின்னவளுக்கும் அத்தனை ஃபேன். கட்டில், பீரோ, குத்துச்சட்டி வரை ஒன்றுபோல வாங்கிப் போட்டார். ஒரு கரண்டி கூடக் குறையவில்லை என்று அவர் மனைவி கமருன்னிஸா இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவாள்.

எல்லாவற்றையும் ஒன்றுபோலக் கொடுத்தவருக்குச் செல்போன் சிக்னலைப் பங்கு போட முடியவில்லை. முன்கட்டில் அது கிடைக்கும். மாடியில் நன்றாகவே கிடைக்கும். மாடிப்படியும் முன்கட்டு ஹாலில்தான் இருந்தது. முக்கால் முழச் சுண்ணாம்புச் சுவர்கள் இரண்டைத் தாண்டிப் பின்கட்டுக்குள் எந்தக் கம்பெனி டவரும் எட்டிப் பார்க்காது. கூப்பிட்டால் குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும்.

முன்பு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. தஹ்மீனா வீட்டு வைஃபையைத்தான் பர்வினும் நடுக்கதவு அருகே நின்று பயன்படுத்திக்கொண்டிருந்தாள். தஹ்மீனா வளைகுடாப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பவள். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு நடுவில் படம் நின்று நின்று போக, எரிச்சலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரம் பர்வின் ஹாஜாவோடு வீடியோ காலில் இருந்தாள். பாதிப் பேச்சில் அவர் முகம் அணைந்து போனது.

"கேட்டிருந்தா நானே விட்டிருப்பேன்ல" என்று பர்வின் ஒரே ஒரு வரி சொன்னாள். நடுக்கதவைச் சாத்தினாள். அதோடு அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று போனது.

அவளே ஒரு கனெக்‌ஷன் வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். கம்பி முன்கட்டு வழியாகத்தான் வர வேண்டும். அதற்கு அக்காவிடம் கேட்க வேண்டும். பர்வின் கேட்க மாட்டாள். கேட்காமல் தஹ்மீனா கொடுக்க மாட்டாள். இந்த வீம்பில் ஒரு வருஷம் போனது. அந்த ஒரு வருஷமும் பர்வின் கணவனின் குரலை மட்டும் கேட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஹாஜாவே போய்விட்டார்.

மௌத்துச் செய்தி வந்த அன்று தஹ்மீனாவே நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பர்வின் விலகவும் இல்லை, திரும்பக் கட்டிக்கொள்ளவும் இல்லை. தஹ்மீனாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று அவளே இன்டர்நெட் கம்பி போடும் சதீஷைக் கூப்பிட்டு, பின்கட்டுக்கென்று தனியாக ஒரு ரூட்டர் வாங்கி வைக்கச் சொன்னாள். மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளை, வேலையில் சுத்தம். முன்கட்டு ரூட்டரிலிருந்து நீல நிறக் கம்பி ஒன்றை நடையோடு இழுத்து, நடுக்கதவு நிலையில் ஓட்டை போட்டு, பர்வினின் அறையில் புது ரூட்டரை வைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு.

"முன்கட்டுல இருக்கறதுதான் மெயின். வீட்டுல இருக்கற எல்லா போனுக்கும் நெட்டுக்குப் போக அதுதான் நம்பர் கொடுக்கும். பின்னாடி இருக்கறது அதுக்குக் கீழ. அது சொல்றத வாங்கி அப்படியே தள்ளி விடும், அவ்வளவுதான்" என்றான் சதீஷ்.

கமருன்னிஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கீழயா? சின்னவளோடது பெரியவளோடதுக்குக் கீழயா?"

"அப்படி இல்லம்மா. ஒரு வீட்டுல நம்பர் கொடுக்கற ஆள் ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா அடிச்சுக்கும்."

"அவங்க வாப்பா கரண்டி கூட வித்தியாசம் பாக்கலப்பா. ரெண்டையும் மெயினாவே வச்சுக் கொடு."

சதீஷ் சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனான். கமருன்னிஸா சிரிக்கவில்லை.

இன்று காலை டீ கொடுக்கும்போதும் அதே பேச்சு. "புருஷனையும் பறிகொடுத்துட்டு நிக்கிறா. இதுலயுமா அவ கீழ இருக்கணும்?" என்று அவள் முணுமுணுக்க, கணவன் இறந்தபின் வெளியாண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் உட்கார்ந்திருந்த பர்வின் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"கீழயே இருக்கட்டும் உம்மா. குடுக்கறவங்க கை மேலதானே இருக்கும். என்னைக்கு வேணும்னாலும் நிறுத்திக்கலாம்."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற தஹ்மீனாவுக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

பதினொரு மணிக்கு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். சதீஷ் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கட்டு ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். தன்னுடைய ரூட்டரில் என்னென்ன இருந்ததோ, ஒரு வரி விடாமல் அதிலும் எழுதினாள். கம்பெனி கொடுத்த ஐடி, பாஸ்வேர்டு, ரூட்டரின் நம்பர், மற்ற போன்களுக்கு நம்பர் கொடுக்கும் உரிமை என்று எல்லாவற்றையும் போட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, இரண்டு தடவை சரிபார்த்தாள். கடைசியில் தன் போனை எடுத்துப் பார்த்தாள். வேலை செய்தது.

பாவம், அது காலையிலேயே வாங்கி வைத்திருந்த பழைய நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

"உம்மா, ரெண்டும் இப்ப மெயின்தான். யாரும் யாருக்கும் கீழ இல்ல" என்று போய்ச் சொன்னாள். கமருன்னிஸா மகளின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். பர்வின் திரும்பி அக்காவை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வை போதும் என்று தஹ்மீனா நினைத்தாள்.

இரண்டு மணிக்குமேல் ஜமாஅத்து ஆண்கள் வந்து முன்கட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அங்கே அடக்கம் நடக்கிற நேரத்தில் இங்கே குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வேண்டும். ஹால் நிறைந்துவிட்டது. இனி பர்வின் முன்கட்டுக்கு வருவதோ மாடிக்குப் போவதோ நடக்காத காரியம்.

இரண்டு இருபத்தைந்துக்குப் பின்கட்டிலிருந்து கமருன்னிஸா நடையில் வேகமாக வந்தாள்.

"புள்ளே, அவ போனுல கோடு எல்லாம் முழுசா இருக்கு. ஆனா இன்டர்நெட் இல்லைன்னு வருது. யூசுப்புக்கு மெசேஜ் போகல."

தஹ்மீனா தன் போனைப் பார்த்தாள். அதிலும் கோடு முழுசாக இருந்தது. அதிலும் இன்டர்நெட் இல்லை.

ஹாலை ஒட்டிய தன் அறைக்குள் போய் ரூட்டரை அணைத்துப் போட்டாள். பச்சை விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஒன்றும் வரவில்லை. ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால் ஒரு தடவை தன்னுடையது வந்தது, அடுத்த தடவை பர்வினுடையது வந்தது. எது எது என்று அவளுக்கே புரியவில்லை. போனின் வைஃபையை அணைத்துவிட்டு, டவர் சிக்னலில் சதீஷைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் கீழ்வேளூர்ல போஸ்ட்டு மேல இருக்கேன். அறுவடை மிஷின் ஏத்திட்டுப் போன லாரி கம்பியை அறுத்துட்டான். என்ன ஆச்சு?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன்க்கா கை வச்சீங்க? ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர். ரெண்டும் நம்பர் கொடுக்குது. போனெல்லாம் எதுகிட்ட போறதுன்னு தெரியாம நிக்குது."

"மணி ரெண்டு முப்பத்தெட்டு தம்பி. இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

சதீஷ் சொல்லத் தொடங்கும்போது குறுக்கே இன்னொரு கால் வந்தது. தெரியாத நம்பர். சவூதி நம்பர். வீடியோ கால்.

தஹ்மீனா எடுத்தாள்.

வெயில். மணல். வெள்ளைத் துணி போட்ட தலைகள். "லாத்தா, நான் யூசுப். தங்கச்சி போனு போகல, அதான் மச்சான் கொடுத்து வச்சிருந்த உங்க நம்பருக்குப் போட்டேன். நேரமில்ல லாத்தா. பின்னாடி இன்னும் மூணு ஜனாஸா நிக்குது. தங்கச்சிகிட்ட குடுங்க, சீக்கிரம்."

அவள் ஓடினாள். நடையில் செருப்புகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். "துணிய விலக்குறாங்க லாத்தா" என்று யூசுப்பின் குரல் கேட்டது. போனின் மேல் மூலையில் நான்கு கோடு இருந்தது. மூன்றானது. முதல் சுவரைத் தாண்டும்போது இரண்டானது. யா அல்லாஹ், இன்னும் பத்தடி. ஒன்று.

"பர்வின்" என்று கத்த வாயைத் திறந்தபோது அவள் கை நடுக்கதவைத் தொட்டிருந்தது. படம் உறைந்து நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு அதுவும் போனது.

முன்கட்டுக்குத் திரும்பி ஓடி யூசுப்பைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஹாலில் யாசீன் ஓதத் தொடங்கிவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சதீஷ்தான் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரே வழிதான். உங்க பெட்டியைக் கழட்டி ஓரமா வச்சிடுங்க. சுவத்துல ஃபைபர் வந்து சேர்ற சின்ன வெள்ளைப் பெட்டி இருக்குல்ல, அதுல நேரா அந்த நீலக் கம்பியச் சொருகுங்க. பின்னாடி அந்தம்மாவ, கம்பியை மஞ்ச ஓட்டையிலேர்ந்து எடுத்து நீல ஓட்டையில மாட்டச் சொல்லுங்க. நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வச்சிட்டீங்களே, அதுவே மெயினா ஓடும்."

தஹ்மீனா தன் ரூட்டரின் கம்பிகளைப் பிடுங்கினாள். சொருக வேண்டியதைச் சொருகினாள். அறை வாசலில் நின்ற கமருன்னிஸா அதைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போக, தஹ்மீனா நடுக்கதவுக்கு ஓடி, ஒரு வருஷத்துக்கு அப்புறம் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"பர்வின், மஞ்ச ஓட்டையில இருக்கற கம்பியை எடுத்து நீலத்துல மாட்டு."

"மாட்டிட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "விளக்கு சிவப்பா எரியுது."

"இரு. பச்சையாகும்."

"ஆகல."

"இரு பர்வின்."

விளக்கு பச்சையாக இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷமும் கதவுக்கு இரண்டு பக்கமும் இருவரும் நின்றார்கள். கமருன்னிஸா தஸ்பீஹ் மணியை உருட்ட மறந்து உட்கார்ந்திருந்தாள். யாசீன் ஓதும் சத்தம் நடை வழியாக வந்துகொண்டிருந்தது.

பர்வினின் போன் அடித்தது.

தஹ்மீனா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பர்வின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். படம் இவ்வளவு தெளிவாக அந்த அறைக்குள் என்றைக்குமே வந்ததில்லை. ஒவ்வொரு மணலும் தெரிந்தது. யார் யாருடைய கைகளோ மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தன. பள்ளம் கிட்டத்தட்ட மூடியிருந்தது.

"தங்கச்சி" என்றார் யூசுப். முகம் முழுக்க வேர்வை. அழுதிருந்தார் போல. "முடிஞ்சிடுச்சும்மா. ஆன மட்டும் நிறுத்திப் பாத்தேன். விடல."

பர்வின் மண் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனச விட்டுடாதீங்க. லாத்தாவுக்குக் காட்டிட்டேன். அவங்க போனுல பாத்தாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"

கமருன்னிஸா நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தாள். பர்வினும் மெதுவாகத் திரும்பினாள். தஹ்மீனா கையில் தன் வீட்டு ரூட்டரின் கம்பி இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

யூசுப் இன்னும் ஏதோ சொல்லிவிட்டு, மற்றவர்களோடு துஆவுக்கு நிற்கப் போனார். போன் அணைந்தது.

இப்போது வரும் என்று தஹ்மீனா காத்திருந்தாள். ஒரு வருஷத்துப் பேச்சும் வரட்டும், அடி விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம். காலையில் நான் கை வைத்ததால்தான் பெட்டி நின்றது என்று அவளே முதலில் சொல்லிவிட நினைத்தாள். நாளைக் காலையில் சதீஷ் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வான். என்ன ஆச்சு என்று உம்மா கேட்பாள். அவன் சொல்லாமலா இருப்பான்?

"பெட்டியில ஏதோ கோளாறு போல" என்று மட்டும் சொன்னாள். சொன்னதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"உன் பெட்டியையே கழட்டிட்டு எனக்குக் கொடுத்தியாமே. உம்மா சொன்னாங்க" என்றாள் பர்வின். குரலில் கோபம் இல்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு லாத்தா."

லாத்தா. அக்காவைக் கூப்பிடும் அந்தச் சொல் தங்கை வாயிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. தஹ்மீனா உட்கார்ந்தாள். பர்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவங்களப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு. எப்படி மாறிப் போயிருந்தாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. நீயாவது பாத்தியே." பர்வின் அவள் முகத்தையே பார்த்தாள். "எப்படி இருந்தாங்க லாத்தா? முகம் எப்படி இருந்துச்சு?"

தஹ்மீனா யோசித்துப் பார்த்தாள். நான்கு கோடு. மூன்று. இரண்டு. ஒன்று. நடை முழுக்க அவள் பார்த்துக்கொண்டு ஓடியது அதைத்தான். கீழே ஒரு முகம் திறந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று இருந்தது என்பதைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை.

"தூங்கற மாதிரி இருந்தாங்க" என்றாள்.

பர்வின் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"தாடி வளந்திருந்துச்சா?"

"கொஞ்சம்."

"நரைச்சிருந்துச்சா?"

"ஓரத்துல மட்டும்."

பர்வின் அக்காவின் மடியில் தலையைச் சாய்த்தாள்.

"இன்னும் சொல்லு லாத்தா" என்றாள். "விடாம எல்லாத்தையும் சொல்லு."

தஹ்மீனா தங்கையின் தலையில் கை வைத்து, தான் பார்க்காத முகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.